குமரியில் இரண்டு நாள்: எங்கே தங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில் ஈரோட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு வருகிறோம். காலையில் நாகர்கோவிலில் ரயில் இறங்கினால், மறுநாள் இரவு திரும்பும் ரயில். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகள் ஆறாவதும் ஒன்பதாவதும் படிக்கிறார்கள். “அங்கே அரை நாளுக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை” என்று பலரும் சொல்கிறார்கள். எங்கே தங்கலாம்? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

பதில்: அப்படிச் சொன்னவர்கள் கன்னியாகுமரி முனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களாக இருக்கும். முனைக்கு அரை நாள் போதும்தான். ஆனால் மாவட்டத்தின் பெரும்பகுதி நாகர்கோவிலுக்கு மேற்கே கிடக்கிறது. அதனால் நாகர்கோவிலிலேயே அறை எடுங்கள். முனை அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். இரண்டு நாளுக்கும் ஒரே வண்டியைப் பேசி வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு அலைச்சல் இல்லை.

முதல் நாளை மேற்குக்குக் கொடுங்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேராகத் தக்கலை பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விடலாம். ஒன்று மட்டும் கவனம்: திங்கட்கிழமை விடுமுறை. 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தாலும், அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே நுழைந்துவிடுவது நல்லது.

இந்த ஓர் இடத்துக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்கச் சொல்வேன். நுழைந்ததும் பூமுகத்து (வாசல் மண்டபத்து) மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள். செதுக்கியிருக்கும் 90 பூக்களில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடி என்று சின்னவனிடமோ சின்னவளிடமோ சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் சத்தமே வராது. முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் கறுப்புத் தரையில் சுட்ட சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்ந்திருக்கின்றன என்பார்கள். செருப்பை வெளியில் விட்டுவிட்டு அதன்மேல் நடக்கும்போது உள்ளங்காலில் ஏறுகிற குளிர்ச்சி தனி. மாடிக்குப் போகும் மரப்படிகள்தான் குறுகலும் செங்குத்தும். அம்மா கீழே உள்ளவற்றைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளட்டும்.

ஒன்பதாவது படிக்கிறவருக்கு ஒரு கதை இருக்கிறது. இந்த அரண்மனையிலிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் படை 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அப்போது பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு இவரிடமே சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாகவும் ஆனார். அவருடைய கல்லறை பக்கத்திலேயே, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கால் மணி நேரம் போதும்.

சாப்பிட்டுவிட்டு மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோக 1966-இல் கட்டி முடித்தது. மேல்பக்கமாகவே வண்டி போகும், சமதளமாக நடக்கலாம், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கீழே இறங்கிப் பார்க்கிற படிகள் பிள்ளைகளுக்கு மட்டும். அங்கிருந்து திற்பரப்பு அருவி. அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் குளிக்க விடமாட்டார்கள். கிளம்பும் முன் ஓட்டுநரை விசாரிக்கச் சொல்லுங்கள். சிதறால் சமணக் குன்று எனக்கு மிகவும் பிடித்த இடம்தான், ஆனால் ஏற்றம் நீளம். இந்த முறை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் விடியுமுன் கிளம்புங்கள். வானம் தெளிவாக இருந்தால் முனை. மூடிக் கிடந்தால் உதயத்துக்காக அங்கே போய் நிற்காமல் தோவாளைப் பூச்சந்தைக்குத் திரும்பிவிடுங்கள். சூரியன் ஏமாற்றினாலும் பிச்சியும் அரளியும் ஏமாற்றாது. வாய்த்தால் மாணிக்க மாலை கட்டுவதைப் பாருங்கள். அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, பாய் முடைகிறமாதிரி தட்டையாகச் சேர்ப்பார்கள். தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்தது போலிருக்கும்.

எப்படியானாலும் முனையில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் காலைப் படகு வரிசையில் சீக்கிரம் நின்றுவிட வேண்டும், விடுமுறையில் கூட்டம் நெரியும். முன்பு கடல்மட்டம் குறைந்தால் திருவள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே சிலைக்குப் போய்விடலாம். காற்று பலமாக அடித்தால் மொத்தப் படகும் நின்றுவிடும், அதற்கு வழியில்லை. ஆடும் படகில் ஏறுவதும், பாறையில் படிகளும் அம்மாவுக்குக் கஷ்டம். காந்தி மண்டபத்தில் அவர் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

திரும்பும் வழியில்தான் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில் நடை மதியம் அடைத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 18 அடி அனுமாரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், ஒரு துண்டு கையில் இருக்கட்டும்.

மதியம் அறையில் ஓய்வு. சாயங்காலம் முட்டம் கடற்கரை. செப்டம்பரில் சூரியன் நேர் மேற்கே இறங்குவதால் கடலுக்குள்தான் போகும். மே மாதத்தில் வந்து முனையில் நின்று ஏமாறுகிறவர்கள் அதிகம். அப்போது அது வடமேற்கே சாய்ந்து கரைக்குப் பின்னால் மறைந்துவிடும். முட்டத்துப் பாறைகளில் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள், அலை எதிர்பாராமல் ஏறும்.

சாப்பாட்டில் ஒரு வேளையாவது மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும். அசைவம் இல்லையென்றால் தீயலோடு (வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பு) சோறு. மாலை டீக்கு ரசவடை. ரயிலுக்கு முன் நேந்திரம் சிப்ஸ் கண்முன் பொரிக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பு அம்மாவுக்கு. விரல் நீளம்தான், வாசனை பெட்டி முழுக்க நிற்கும்.