சோலையோரத்துச் சிவப்புப் பூ

கேள்வி: தொட்டபெட்டா அருகே சோலையோரத்தில், கிளை நுனிகளில் சிவப்புப் பூங்கொத்துகளுடன் நிற்கும் பசுமைமாறாப் புதர் எது?

பதில்: நீங்கள் கண்டது பெரும்பாலும் காட்டுப்பூவரசாக இருக்கும், ரோடோடென்ட்ரான் என்னும் பூச்செடிப் பேரினத்தில் தென்னிந்திய மலைகளில் இயல்பாக வளரும் ஒரே இனமான இது, காற்று ஓங்கிய சரிவுகளில் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்பதால், சிறுமரமென்றாலும் புதராகவே தோன்றும். பூவை மட்டும் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். தோல்போல் தடித்த இலைகள் கிளை நுனியில் நெருங்கி அமைந்திருக்க, மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் பழுப்பு நிற மென்மயிர் படிந்தும் இருந்தால், அதுவே நம்பகமான அடையாளம். மணிவடிவப் பூவில் ஐந்து மடல்களும் பத்து மகரந்தத் தாள்களும் இருக்கும். பட்டை தடித்து வெடித்திருக்கும். மஞ்சள் பூப்பூக்கும் ஊர்ப்புறத்துப் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. கிளையை ஒடிக்காமல், இலையின் அடிப்புறத்தைப் படமெடுத்து அனுப்பினால் உறுதிசெய்யலாம்.