பருவம் தப்பிய பெரிய தக்காளி: மாடித்தோட்டம் கேள்வி பதில்

அக்கா, ஆன்லைனில் பீஃப்ஸ்டீக் என்ற பெரிய பழ ரகத் தக்காளி விதை வாங்கினேன். ஐப்பசியில் போட வேண்டியதை மார்கழி பாதியில்தான் விதைக்க முடிந்தது. இப்போது மாசி நடுவில் செடி நெஞ்சு உயரம் வந்துவிட்டது, பூவும் எடுக்கிறது. ஆனால் பாதிப் பூ கொட்டிவிடுகிறது. தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசல் தெளித்தும் நிற்கவில்லை. இந்த வருடம் ஒரு பெரிய பழமாவது பார்ப்பேனா?
— வாசகி, மதுரை

பார்ப்பீர்கள் அம்மா. ஆனால் உங்கள் கையில் இருப்பது இன்னும் இரண்டு வாரம்தான். அதற்குள் பிஞ்சு பிடிக்க வேண்டும். பங்குனி பிறந்த பிறகு மதுரை மொட்டைமாடியில் பீஃப்ஸ்டீக் பூ நிற்பது கடினம்.

தக்காளியைப் பகல் வெயில் மட்டும் வாட்டுவதில்லை, இரவுப் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். பகலில் 32, 33 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 21, 22க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூக்காம்பின் நடுவில் விரல் கணு மாதிரி ஒரு முட்டு இருக்கிறதே, அதைத் தினமும் பாருங்கள். அந்த முட்டில் மஞ்சள் தட்டினால் பூ ஓரிரு நாளில் அங்கேயே கழன்று விழும். காம்பு பச்சையாகவே தடித்தால் பிஞ்சு பிடித்துவிட்டது என்று அர்த்தம். தேமோர் கரைசல் நல்லதுதான், நானும் தெளிக்கிறேன். சோர்ந்த செடிக்குத் தெம்பு தரும். வெக்கையில் கெட்டுப்போன மகரந்தத்தை அதனால் மீட்க முடியாது.

காலையில் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருப்பதால் அந்த அதிர்வே மகரந்தத்தை உதிர்த்துவிடும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ உங்கள் மாடிக்கு வந்தால் அதை விரட்டாதீர்கள். பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து, இதே வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யும்.

பதினொன்றரையிலிருந்து நாலு மணி வரை பச்சை நிழல்வலை இருக்கட்டும். காலை வெயில் முழுதாக விழ வேண்டும். இதைவிட முக்கியம் வேர்ச் சூடு. கறுப்புப் பையைச் சுடுதளத்தில் அப்படியே வைத்திருந்தால், வேர் மேலிருந்தும் கீழிருந்தும் வேகும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, வெயில் படும் பக்கத்தில் பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றுங்கள். மண்மேல் நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த இலையோ தென்னை நாரோ பரப்புங்கள்.

பை அளவை நீங்கள் எழுதவில்லை. 12 அங்குல அகல, உயரப் பையில் சுமார் 22 லிட்டர் மண் பிடிக்கும், 15 அங்குலப் பையில் 43 லிட்டர். நம் பெரியகுளத்து பிகேஎம்-1 ரகம் 12 அங்குலப் பையிலேயே குழம்புக்குக் காய் கொடுத்துவிடும். அரைக் கிலோ பழம் வேண்டுமென்றால் 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இப்போது பை மாற்றினால் வேர் அடிபடும், அதனால் இருக்கிற பையிலேயே விடுங்கள்.

அடுத்து நான் சொல்வதைச் செய்ய மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். நாலைந்து பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும் செடியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒரு கொத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிஞ்சு போதும், மற்றதை எடுத்துவிடுங்கள். புதிதாக வரும் பூவையும், இலைக் கணுவில் முளைக்கும் பக்கத்தளிரையும் வளரவிடாதீர்கள். இலைகளை மட்டும் கழிக்காதீர்கள், பழத்துக்குச் சாப்பாடும் அவைதான், நிழலும் அவைதான். 1986இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 3.51 கிலோவில் ஒரே தக்காளி விளைந்து உலக சாதனை ஆனது. அத்தகைய ராட்சதப் பழம் வளர்ப்பவர்கள் எல்லாரும் செடியில் பழத்தைக் குறைத்துத்தான் எடை கூட்டுகிறார்கள். முதல் கொத்தில் வழக்கத்தைவிட அகலமாக, இதழ் அதிகமாக ஒரு பூ இருந்தால் அதை விட்டுவைக்கலாம். இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்தது அது. பழம் கோணலாக வரும், எடை மட்டும் நிற்கும்.

பிஞ்சு பழுக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சித்திரை வெயில் வந்துவிடும். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் தக்காளியில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, மஞ்சளாகவே நிற்கும். அதனால் அடிப்பக்கம் லேசாக இளஞ்சிவப்பு திரும்பியதுமே பறித்து, வீட்டுக்குள் குளுமையான மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், ருசி போய்விடும்.

என் பெரிய தக்காளிகள் எல்லாம் அடியில் கறுத்து அழுகுகின்றன. முட்டை ஓடு நிறையப் போட்டுவிட்டேன், பலனில்லை.
— வாசகர், சேலம்

சுண்ணாம்புச் சத்து பழத்தின் அடிவரை போய்ச் சேராததால் வருவது இது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால், மண்ணில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. முட்டை ஓடு மட்கவே மாதக்கணக்கில் ஆகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காலையும் மாலையும் அளவாக ஊற்றுங்கள். கடலைப்புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள், தழைச்சத்து கூடினால் இது இன்னும் அதிகமாகும். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், இனி அது தேறாது. அடுத்து வரும் காய் சரியாகும்.

பக்கத்து வீட்டில் பெரிய ரகத் தக்காளி காய்க்கிறது. விதை வாங்கி இப்போது ஆரம்பித்தால் தாமதமாகிவிடுமா?
— கல்லூரி மாணவி, ஓசூர்

விதையிலிருந்து என்றால் தாமதம்தான், கண்ணு. அவர்களிடம் ஒரு பக்கத்தளிர் கேளுங்கள். எப்படியும் கிள்ளி எறிவதுதானே, தருவார்கள். அரையடி நீளத்தில், பூ இல்லாததாக, காலையில் ஒடித்து வாங்குங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிழலில் வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தண்டைச் சுற்றி வெள்ளை வேர் விடும். தாய்ச்செடியின் வயது அதற்கும் இருப்பதால் நாற்றைவிடச் சீக்கிரம் பூக்கும். உங்கள் ஊர் இரவு மதுரையைப் போல் புழுங்காது. சித்திரையில் கொஞ்சம் பூ கொட்டினாலும் கோடை மழைக்குப் பிறகு பிடித்துக்கொள்ளும்.

வாங்கும் முன் தாய்ச்செடியின் நுனி இலையைத் திருப்பிப் பாருங்கள். இலை சுருண்டு, சிறுத்து, மஞ்சள் பாய்ந்திருந்தாலோ, தட்டினால் வெள்ளை ஈ பறந்தாலோ வாங்காதீர்கள். இலை அப்படி இருந்தால் அது இலைச்சுருட்டு வைரஸாக இருக்கும், அதைப் பரப்புவது வெள்ளை ஈ. கோடையில்தான் வேகமாகப் பரவும், மருந்து கிடையாது. இலை சுருண்ட செடியைப் பிடுங்கிவிடச் சொல்லி அவர்களிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள்.