சுவரில் '9 ஏ', மேசையில் கண்ணீர்

கேள்வி: என் மகள் பதினோராம் தரத்தில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மேசைக்கு மேலே '9 ஏ, பிறகு மருத்துவபீடம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 52 புள்ளிகள் வந்ததிலிருந்து அந்த விடைத்தாளை எவருக்கும் காட்ட மறுக்கிறாள். புத்தகத்தைத் திறந்தாலே அழுகிறாள். இலக்கைக் குறைத்துக்கொள் என்று சொல்லலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: குறைக்கச் சொல்ல வேண்டாம், சகோதரி. அப்படிச் சொன்னால், தன்னால் முடியாதென்று அம்மாவே முடிவுகட்டிவிட்டார் என்றுதான் அந்த வயதில் தோன்றும். இலக்கின் உயரத்தில் பிழையில்லை. இன்று மாலை மேசையில் அமர்ந்து எதைச் செய்வது என்பதை, சுவரில் ஒட்டிய அந்தத் தாள் அவளுக்குச் சொல்வதில்லை என்பதே சிக்கல். 'முடிந்ததைச் செய்' என்பதைவிடத் தெளிவும் கடினமும் உள்ள இலக்கே கூடிய பலன் தரும் என்று எட்வின் லொக், கேரி லேதம் ஆகிய உளவியலாளர்கள் நீண்டகால ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும், இன்னும் கைவராத சிக்கலான வேலையில், பெறுபேற்றை அல்ல, கற்கவேண்டியதை இலக்காக வைப்பதே பயன் தரும் என்று லேதம் பின்னர் பங்கேற்ற ஆய்வுகள் காட்டின.

ஆகவே அந்த விடைத்தாளைப் புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் கேட்டு வாங்கி, இழந்த புள்ளிகள் எங்கே போயின என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். சாதாரண தரக் கணிதத்தின் முதலாம் வினாத்தாளில் வரும் 25 குறுவினாக்களில் அவசரத்தால் தவறியவை எவை, இரண்டாம் வினாத்தாளில் தொடாமலே விட்ட கேத்திரகணித நிறுவல்கள் எவை என்று பிரித்துப் பார்த்தால், 'இந்த வாரம் வட்டத் தேற்றங்களில் ஐந்து நிறுவல்கள்' என்பது போன்ற, அவள் கையிலுள்ள இலக்கொன்று கிடைக்கும். அதற்கு முன்பு இன்னொரு ரியூசன் வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். அந்த நிறுவலைத் தானே எழுதிப்பார்க்க வேண்டிய மாலையைத்தான் அது பறிக்கும்.

மருத்துவபீட அனுமதியைத் தீர்மானிப்பது உயர்தர உயிரியல் பிரிவின் இசட் புள்ளியேயன்றி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி), சாதாரண தரத்து ஏ சித்திகளின் எண்ணிக்கையல்ல. அங்கும் 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலேயே பகிரப்படுகின்றன. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. கணிதத்தில் ஏ தவறிப் பி வந்தாலும் அந்த வழி அடைபடாது என்பதை அவளிடம் சொல்லிவையுங்கள். பெறுபேறு வந்ததும் மாணவர் படங்களோடு தொங்கும் பதாகைகள் இதைச் சொல்வதில்லை.

மருத்துவம் அவளது விருப்பமா, உறவினர் கேட்கும்போது சொல்லிப் பழகிய பதிலா என்ற பேச்சு அவசியம்தான். ஆனால் அதைப் பரீட்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.