கேட்டு வாங்குங்கள்: தேவாலயத்துக்குள் கேமரா

அடுத்த மாதம் பாரிஸ், ரோம் போகிறோம். பழைய தேவாலயங்களை உள்ளே படமெடுக்க ஆசை. என்னிடம் 18-55 லென்ஸ் இருக்கிறது. கடைக்காரர், தூரத்திலுள்ளதைக் கிட்டே இழுக்கும் 70-300 ஜூம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா? (ஈரோடு வாசகி)

வேண்டாம். தேவாலயத்துக்குள் சிக்கல் தூரமல்ல, இருட்டு. அந்த ஜூமை முழுக்க நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6-தான் கிடைக்கும் (எஃப் என்பது லென்ஸ் திறக்கும் அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்). 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் அதையும் உடனே வாங்க வேண்டாம். உள்ளூரில் பழைய சர்ச் ஒன்றுக்கு மாலை ஆறு மணிக்குப் போங்கள். கையிலிருக்கும் லென்ஸை 18-இல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-க்கு ஏற்றி, தூணில் தோளைச் சாய்த்து நாலு படம் எடுத்துப் பாருங்கள். அதில் திருப்தி இல்லையென்றால் மட்டும் 35. தேங்கிக் கிடக்கும் சரக்கைத்தான் கடைக்காரர்கள் முதலில் நீட்டுவார்கள்.

கார்பன் ஃபைபர் ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி), 14,000 ரூபாய். பெட்டியில் ‘ட்ராவல்’ என்று போட்டிருக்கிறது. உள்ளே எடுத்துப்போகலாமா? (சேலம்)

நானும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஒன்று வாங்கினேன். மூன்று நகரங்களுக்கு முதுகில் சுமந்தேன். ஒரு வாசலிலும் உள்ளே விடவில்லை. வத்திக்கான் மியூசியம், பார்சலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயம் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் ட்ரைபாட் கூடாது. என்னுடையது இப்போது மொட்டை மாடியில் நிற்கிறது. வடகம் காயும்போது காக்கை வராமலிருக்க அதில்தான் கறுப்புத் துணி கட்டுகிறோம்.

வத்திக்கானின் சிஸ்டைன் சாப்பலில் படமெடுக்க ‘போட்டோ பாஸ்’ 40 யூரோ என்கிறார் ஏஜென்ட். (மதுரை)

அப்படியொரு பாஸ் கிடையாது. அங்கே படமெடுக்கவே தடை. ஏஜென்டை மாற்றுங்கள்.

தடை வந்த கதை வேடிக்கையானது. 1980-களில் அங்குள்ள மைக்கலாஞ்சலோ ஓவியங்களைச் சுத்தம் செய்ய ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி பணம் கொடுத்தது. பதிலுக்குப் படமெடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. அந்த உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தடை மட்டும் அப்படியே இருக்கிறது.

ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு வெளியே, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று அப்பாவிடம் (68 வயது) இரண்டு டிக்கெட்டுக்கு 70 யூரோ வாங்கிவிட்டார். உள்ளே போவது இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. அப்பா இதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார். (தஞ்சாவூர்)

கூச்சப்பட வேண்டியவர் அந்த அட்டைக்காரர். அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள். அங்கே நீளும் வரிசை பாதுகாப்புச் சோதனைக்கானது. காசு கொடுப்பது குவிமாடம் ஏறுவது போன்றவற்றுக்குத்தான். கார்டில் கட்டியிருந்தால் ரசீதோடு வங்கிக்கு எழுதி, அந்தத் தொகையை மறுத்துப் புகார் செய்யுங்கள். ரசீதில் ‘கைடு கட்டணம்’ என்றிருந்தால் கிடைப்பது கஷ்டம். பாரிஸ் நோத்ர தாமிலும் இதே வியாபாரம் உண்டு. 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்த அந்தப் பேராலயத்துக்குள் போவதும் இலவசம், ஆன்லைன் முன்பதிவும் இலவசம். ரோமின் பழங்காலப் பாந்தியன் ஆலயத்தில் 2023 ஜூலையிலிருந்து வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணம் உண்டு. எனவே அந்தந்த ஆலயத்தின் சொந்த இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

599 ரூபாய்க்கு 2 டிபி மெமரி கார்டு வாங்கிப் போனேன். பாதிப் படங்கள் திறக்கவில்லை. (திருப்பூர்)

599 ரூபாய்க்கு 2 டிபி தர விற்றவர் என்ன கர்ணனா? அது சின்னக் கார்டு. பெரியது என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டது. நிரம்பியபின் எடுத்த படங்கள் எதுவும் உருப்படியாகப் பதிவாகியிருக்காது. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. புறப்படுமுன் ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம்.

கார்டு மெஷின் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்கிறது. எதை அழுத்துவது? (கோவை)

யூரோ. எங்கே கேட்டாலும் யூரோ.

ஐரோப்பா டூருக்கு இரண்டு பேருக்கு நாலரை லட்சம் கட்டினோம். சக்ராதா ஃபமீலியாவுக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, இருபது நிமிடத்தில் கிளப்பிவிட்டார்கள். உள்ளே விடவில்லை. கேட்டால் ‘போட்டோ ஸ்டாப்’ என்று தாளிலேயே இருக்கிறதாம். (நாகர்கோவில்)

இந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளம்பரத்தின் முதல் பக்கத்தில் கோபுரத்தின் படம். நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘போட்டோ ஸ்டாப்’. இறங்கு, செல்ஃபி எடு, ஏறு என்பதுதான் அதன் பொருள். ‘பனோரமிக் டூர்’ என்றால் பல இடங்களில் இறங்கக்கூட விடமாட்டார்கள். ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று அந்த இடத்தின் பெயரோடு எழுதியிருந்தால்தான் உள்ளே போவீர்கள். 1882-இல் கட்டத் தொடங்கிய ஆலயம்; பிற்பகலில் மேற்குக் கண்ணாடிகள் வழியே சிவப்பும் ஆரஞ்சுமாக வெளிச்சம் தூண்களில் இறங்கும். நாலரை லட்சம் கொடுத்தவரை அதன் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு ஏறச் சொல்வது அநியாயம். கட்டுபடியாகவில்லையென்றால் ‘வெளியிலிருந்து மட்டும்’ என்று நம் தமிழில் எழுத வேண்டியதுதானே? எழுதினால் வாங்கமாட்டோம் என்று தெரியும்.

சரி, வழிக்கு வருவோம். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதிலாவது ‘உள்ளே போகலாம்’ என்று சொல்லியிருக்கிறார்களா, தேடுங்கள். இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எங்கிருந்தாலும் நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம்; இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு; கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை. தாளில் ‘போட்டோ ஸ்டாப்’ மட்டும்தான் என்றால் வழக்கு பலவீனம். அதை உங்களிடம் எழுதவே மனம் வரவில்லை.

இங்கே யூரோவை நோட்டாகத்தான் தருகிறார்கள். சில்லறை யூரோவும் வேண்டுமா? (புதுச்சேரி)

கட்டாயம் வேண்டும். இறங்கியதும் ஒரு காபி குடித்து நோட்டை உடையுங்கள். ரோமில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி தேவாலயத்தில், புனித மத்தேயுவைப் பற்றி இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள் ஓர் இருட்டு மூலையில் இருக்கின்றன. பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அணைந்ததும் அடுத்த காசை யார் போடுவது என்று எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். கையில் காசில்லாமல் நானும் பார்த்தேன். கடைசியில் ஒரு பாட்டி போட்டார். முதலில் கேமராவைத் தூக்கியது நான்தான்.