தட்டைப் பிரித்தால் காசநோய் பரவாதா? தொற்று குறித்த கேள்விகளும் பதில்களும்

(பாக்டீரியா நோய்கள் எந்த அளவுக்கு, எந்த வழியில் பரவுகின்றன என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு, அரசு மருத்துவமனையின் மார்பு நோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.)

திண்டுக்கல் வாசகி: என் மாமனாருக்கு நுரையீரல் காசநோய் என்று கண்டறிந்து, மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. அவருக்குத் தனித் தட்டும் டம்ளரும் வைத்துவிட்டோம். நான்கு வயதில் மகன் இருக்கிறான். இது போதுமா, டாக்டர்?

தட்டையும் டம்ளரையும் இன்றே மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள், அம்மா. காசநோய்க் கிருமி எச்சில் தட்டின் வழியாகப் பரவுவதில்லை. நோயாளி இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய திவலைகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்திருந்து, அங்கே மூச்சு விடுபவரின் நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்ச் சேர்வதால்தான் அது பரவுகிறது. நான் பணியில் இருந்தபோது வார்டுக்கு வந்த முதியவர் ஒருவரின் எவர்சில்வர் டம்ளர் அடியில், வீட்டில் அடையாளம் தெரிவதற்காக ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறியிருந்தார்கள். அதே வீட்டில் பனி பட்டுவிடும் என்று அவர் அறையின் ஜன்னலைச் சாத்தி வைத்து, பேரனையும் அந்த அறையிலேயே படுக்க வைத்திருந்தார்கள் என்பது பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது.

கிருமி மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்து, மாத்திரையும் தவறாமல் உள்ளே சென்றால், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பரப்பும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை ஜன்னல் திறந்த அறையும் முகக்கவசமும் வேண்டும். மகனை மட்டும் தாமதிக்காமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டால் அது விரைவில் கடுமையான நோயாக மாறக்கூடும் என்பதால், நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகும் தடுப்பு மாத்திரை கொடுப்பது வழக்கம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது.

தாம்பரம் வாசகர்: அப்படியானால், நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் சேர்ப்பதுதானே மற்றவர்களுக்குப் பாதுகாப்பு?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை தந்தது சென்னைதான், ஐயா. 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், இட நெருக்கடியும் வறுமையும் உள்ள வீடுகளிலிருந்து வந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதோடு, வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. பரவுவதில் பெரும்பகுதி நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே, பல வாரங்கள் சாதாரண இருமல் என்று விட்டுவைத்த காலத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

கோவை வாசகர்: சிறிய மெஸ் நடத்துகிறேன். எங்கள் சமையல்காரர் டைபாய்டு குணமாகி வந்திருக்கிறார். வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாமா?

மலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை உறுதியான பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். டைபாய்டுக்குச் செய்யும் வைடால் இரத்தச் சோதனை இதற்கு உதவாது. அது இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதைத்தான் சொல்லும், மலத்தில் கிருமி வெளியேறுவதைச் சொல்லாது. டைபாய்டு தும்மலாலோ பக்கத்தில் உட்காருவதாலோ வருவதில்லை. மலத்திலிருந்து கைக்கும் கையிலிருந்து உணவுக்கும் வருகிறது. குணமானவர்களில் ஒரு சிறு பகுதியினரின் பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதுண்டு. நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன், நோயின் அறிகுறி ஏதும் இல்லாமலேயே தான் வேலை செய்த வீடுகளில் டைபாய்டு பரவக் காரணமாக இருந்தார். 1907இல் தனிமைப்படுத்தப்பட்ட அவர், இனிச் சமைப்பதில்லை என்று வாக்களித்து 1910இல் வெளியே வந்தார். பிறகு பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் சமையலுக்கே சென்றதால் 1915இல் மீண்டும் பிடிக்கப்பட்டு, 1938இல் இறக்கும் வரை தனித்தீவில் வைக்கப்பட்டார். அன்று ஆன்டிபயாடிக் இல்லை. உங்கள் சமையல்காரருக்கு அந்த நிலை வராது. கழிப்பறைக்குப் பக்கத்தில் சோப்பு எப்போதும் இருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே நேரில் பாருங்கள்.

மதுரை வாசகி: காலரா, சீதபேதி இரண்டில் எது வேகமாகத் தொற்றும்?

ஆளைக் கொல்லும் வேகம் காலராவுக்கு அதிகம்; ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்கு எளிதில் தொற்றுவது ஷிகெல்லா கிருமியால் வரும் சீதபேதிதான். காலராக் கிருமியை இரைப்பை அமிலம் பெருமளவில் கொன்றுவிடுவதால், நோய் உண்டாக இலட்சக்கணக்கில், பல நேரங்களில் கோடிக்கணக்கில் கிருமிகள் உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஆகவே அது பெரும்பாலும் கெட்டுப்போன குடிநீரின் வழியாகவும் உணவின் வழியாகவும் வருகிறது. ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு கிருமிகளே போதும். சரியாகக் கழுவாத ஒரு கைவிரலில் அதற்கு மேலேயே இருக்கும்.

நாகர்கோவில் வாசகர்: இரணஜன்னி (டெட்டனஸ்), சிறுநீர்த் தொற்று, உண்ணிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல் ஆகியவை வந்தவரைத் தனியே வைக்க வேண்டுமா?

வேண்டாம். இரணஜன்னிக் கிருமி மண்ணிலிருந்து காயத்துக்குள் போகிறது. சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் நம் குடலில் வாழும் கிருமியாலேயே வருகிறது. உண்ணிக் காய்ச்சலுக்குச் செடி புதர்களில் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் இளம்பருவக் கடி வேண்டும். எலிக் காய்ச்சலுக்கு எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரோ சேறோ வேண்டும்.

சேலம் வாசகி: இரண்டு வாரமாக விடாத இருமல், இருமி முடித்ததும் வாந்தி வருகிறது. அக்காவின் ஒரு மாதக் குழந்தையைப் பார்க்கப் போகலாமா?

இப்போது போக வேண்டாம், அம்மா. நீங்கள் சொல்வது கக்குவான் இருமலாக இருக்கலாம். பாக்டீரியா நோய்களில் மிக எளிதாகத் தொற்றுபவற்றுள் அது ஒன்று. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 17 பேருக்குப் பரப்பக்கூடும் என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. வெறும் ஜலதோஷம் போல் தோன்றும் முதல் வாரங்களில்தான் அது மிகுதியாகப் பரவுகிறது. குழந்தைக்கு முதல் தடுப்பூசி ஆறாவது வாரத்தில்தான் போடப்படும் என்பதால், இப்போது அதற்குக் காப்பு இல்லை. மருத்துவரைப் பார்த்து, கக்குவான்தான் என்றால் உரிய ஆன்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாள் முழுதாக முடிந்த பிறகு போங்கள். இருமல் அதன் பிறகும் பல வாரம் நீடிக்கும். ஆனால் அப்போது பரவாது. அக்கா வருத்தப்பட்டால் இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.