தூதரகம் தர வேண்டிய பாக்கி: கணக்கை முடக்க முடியுமா?

வணக்கம். டெல்லியில் ஒரு தூதரகத்துக்குக் கட்டட வேலை செய்தீர்கள், ஆர்பிட்ரேஷனிலும் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் நடக்கும் விசாரணை) ஜெயித்துவிட்டீர்கள், இன்னும் பணம் வரவில்லை. இனி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று உங்கள் வக்கீல் சொல்கிறார். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அவர் மனதில் இருப்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86(3) பிரிவு. அனுமதி இல்லாமல் வெளிநாட்டு அரசின் சொத்து மீது டிகிரியை, அதாவது நீதிமன்றம் தரும் தீர்ப்பாணையை, நிறைவேற்றக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் உங்களிடம் இருப்பது ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு. 2021 ஜூனில் ஆப்கானிஸ்தான் தூதரகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், வணிக ஒப்பந்தத்தில் பிறந்த ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை நிறைவேற்ற அந்த அனுமதி தேவையில்லை என்றது. அதுவும் தூதரகக் கட்டட வேலைதான், உங்கள் கதையேதான். அந்தத் தீர்ப்பை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சரி, எதை ஜப்தி செய்வது? சிக்கல் இங்கேதான். தூதரகக் கட்டடம், அதிலுள்ள பொருட்கள், வண்டிகள் எதையும் தொட முடியாது. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 22வது பிரிவு தடுக்கிறது. அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கிலும் நம்பிக்கை வைக்காதீர்கள். 1984இல் கொலம்பியா வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையே அப்படியான கணக்கை முடக்க மறுத்தது. அந்த அரசுக்கு இந்தியாவில் வணிகத்துக்கென்றே உள்ள சொத்தோ வரவேண்டிய பணமோ இருக்கிறதா என்று தேடுங்கள். நிறைவேற்றல் மனுவிலேயே, தூதரகம் தன் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படியும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் விலக்குரிமையை, அதாவது வழக்கு, ஜப்தியிலிருந்து வெளிநாட்டு அரசுக்குள்ள பாதுகாப்பை, கைவிடும் வாசகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.