இயற்பியலோடு பொறியியல்: மகளின் படிப்புக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் கிடந்த பழைய ரேடியோவைப் பிரித்து, அறுந்த காயிலைத் தானே சுற்றிப் பாட வைத்தவள். இயற்பியலையும் பொறியியலையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறாள். என் மாதச் சம்பளம் 55,000 ரூபாய். வங்கி டெபாசிட் 9 லட்சம் ரூபாய். ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தால் பி.எஃப். பணத்தை எடுக்கலாமா? அல்லது பி.எஸ்சி. முடித்து பி.இ. சேர்ப்பது சிக்கனமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். அது உங்கள் ஓய்வுக்காலச் சோறு. படிப்புக்குக் கடன் கிடைக்கும், முதுமைக்கு எந்த வங்கியும் கடன் தராது.

சென்னை, மும்பை, டெல்லி ஐ.ஐ.டி.களில் இன்ஜினீயரிங் ஃபிசிக்ஸ் நான்காண்டு பி.டெக். படிப்பாக உள்ளது. பொதுப் பிரிவினருக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். விடுதியும் உணவும் தனி. குடும்ப வருமானம் 1 முதல் 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு கட்டணம் தள்ளுபடியாகும். உங்கள் ஆண்டு வருமானம் 6.6 லட்சம் என்பதால் அந்தச் சலுகை கிடைக்காது; ஆனால் 8 லட்சத்துக்குள் இருப்பதால், மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம் கோரலாம்.

ஆண்டுக்கு 1.5 லட்சமாக 6 லட்சம் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 9 சதவீதம் என்று கொள்வோம். படிப்புக்காலமும் அதன் பின் ஓராண்டும் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குச் சாதாரண வட்டி 1.89 லட்சம் ரூபாய்; மானியம் கிடைத்தால் 63,000 ரூபாய் குறையும். மீதிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் டெபாசிட்டிலிருந்து சுமார் 5 லட்சம் எடுத்தாலும் 4 லட்சம் மிஞ்சும். அந்த 4 லட்சத்தை எக்காரணம் கொண்டும் செலவழிக்காதீர்கள். ஏனெனில் இயற்பியலில் ஆழமாக இறங்கும் பிள்ளை பெரும்பாலும் நான்கு ஆண்டோடு நிற்பதில்லை, முதுகலை, ஆராய்ச்சி என்று போகும்போது கடன் தவணை தொடங்கிவிடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தந்தை, மகன் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருந்தபோதே மாதத் தவணை கட்ட ஆரம்பித்து, இரண்டாவது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்தார். (உங்கள் வருமானத்துக்குப் புதிய வரி முறையில் வரியே வராது என்பதால், கல்விக் கடன் வட்டிக்கான 80இ பிரிவு வரிச்சலுகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஐ.ஐ.டி. கிடைக்காவிட்டால், பெருந்தொகை கேட்கும் தனியார் பல்கலைக்கழகத்தைவிட நீங்கள் சொன்ன இரண்டாவது வழியே மேல் என்பேன். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், பட்டம் பெற்றபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மொத்தம் ஆறு ஆண்டு. வாரியத் தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தால், பி.எஸ்சி. படிக்கும்போது மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 ரூபாயும், கோடைக்கால ஆய்வுக்கு 20,000 ரூபாயும் கிடைக்கும். பொறியியல் மாணவர்களுக்கு இது இல்லை. அப்துல் கலாமும் திருச்சியில் இயற்பியல் முடித்துத்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். அந்தக் கட்டணத்துக்கு அவருடைய சகோதரி தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். உங்கள் வீட்டில் அந்த நிலை வராமல் இருக்க இப்போதே வழி இருக்கிறது.

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மகள் மேற்படிப்புக்குச் சென்றால் தவணைத் தொடக்கத்தைத் தள்ளி வைப்பார்களா என்று கிளை மேலாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.